ஐந்துக்கு ஒன்று

மாமா இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். "இம்புட்டு நீளம் வேணும் மாப்ள" என்றார். எங்கள் ஸ்டூடியோ சின்னது. அவருடைய வலது கை விரல்கள் பின்னால் தொங்கிய நீலத் திரையைத் தொட்டன. இடது கை கண்ணாடி அலமாரியில் இடித்தது. நீளத்துக்கு அப்படிக் கையை விரித்தவர் உயரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு படத்துக்கு நீளம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்பதை யார் முடிவு செய்ய வேண்டும், எப்போது முடிவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்கு எனக்கு ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. மகாராஜபுரத்தில் விவசாயம். நான் ராஜபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். தொண்ணூறுகள் தொடங்கியிருந்த நேரம், எனக்கு இருபத்தைந்து வயது. பத்தாவது வரை படித்திருந்தேன். எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் எல்லோரும் மில்லுக்குப் போனார்கள். எனக்கு ஆட்களோடு பேசுவது அன்றும் வராது, இன்றும் வராது. டார்க் ரூமுக்குள் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதற்காகவே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. கல்யாண வீட்டில் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லக்கூட எனக்கு வாய் எழாது. முதலாளி பாய் வந்து சொல்வார், நான் பட்டனை அமுக்குவேன். "ஒனக்கு வாயும் சேத்து நாந்தான்டா சம்பாதிக்கணும்" என்று அவர் கேலி செய்வார்.

மாமாவின் நிலம் ஒன்றரை ஏக்கர். ரோட்டை ஒட்டி இல்லை, உள்ளே தள்ளி இருந்தது. ரோட்டிலிருந்து பக்கத்து நிலத்தின் ஓரமாக அவருடைய கிணறு வரை ஒரு வண்டித் தடம் போகும். நூறு கெஜத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். தாத்தா காலத்திலிருந்து அதில்தான் வண்டி போய் வந்தது. சக்கரம் பதிந்து பதிந்து இரண்டு கோடாகத் தரை பள்ளம் விழுந்திருக்கும், நடுவில் மட்டும் புல் நிற்கும். பக்கத்து நிலத்துக்காரர் மாமாவுக்குத் தூரத்துப் பங்காளிதான். ஏதோ ஒரு கல்யாண வீட்டுப் பேச்சில் தொடங்கிய மனத்தாங்கல். அந்த வருஷம் அறுப்பு முடிந்ததும், ரோட்டோரத்தில் தடம் தொடங்கும் இடத்தில் உடைமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். பாதை என்று ஒன்று எந்தக் காலத்திலும் அங்கே இருந்ததில்லை என்றும் சொல்லிவிட்டார். மாமா ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். சாட்சி சொல்ல வருவதாக இருந்த இரண்டு பேர், பங்காளியின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று பின்வாங்கிவிட்டார்கள். அதனால்தான் போட்டோ.

"வக்கீல் தெளிவாச் சொல்லிப்புட்டாரு மாப்ள. ரோடும் தெரியணும், தடமும் தெரியணும், கெணறும் தெரியணும். எல்லாம் ஒரே படத்துல. தனித்தனியா எடுத்துக் குடுத்தா அது வேற எடம், இது வேற எடம்னு பேசிருவாங்களாம்" என்றார் மாமா. பாதை போய்விட்டால் உரமூட்டையிலிருந்து நெல்மூட்டை வரை எல்லாமே தலைச்சுமைதான் என்பது எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், வத்திராயிருப்பு பஸ் பிடித்துப் போனேன். பாய் தன்னுடைய நல்ல கேமராவையே கொடுத்தனுப்பினார். மேலிருந்து குனிந்து பார்க்கிற கேமரா, நெகட்டிவ் சதுரமாக விழும். தடத்துக்கு எதிரே கண்மாய்க் கரை கொஞ்சம் மேடாக இருந்தது. அங்கே ஸ்டாண்டை நிறுத்தினேன். ஒரே படத்தில் ரோட்டையும் கிணற்றையும் அடக்க அந்த கேமராவால் முடியாது. கேமராவை இடமிருந்து வலமாகத் திருப்பித் திருப்பி நான்கு படம் எடுத்து, பிறகு ஒட்டுவது என்று தீர்மானம். ஒரு படத்தின் பாதி அடுத்த படத்திலும் திரும்ப விழ வேண்டும், அப்போதுதான் ஒட்டும்போது பொருந்தும். ஸ்டாண்டின் தலையில் சாக்பீஸால் நான்கு கோடு போட்டுக்கொண்டேன்.

பங்காளி தன் வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எடுங்கப்பா எடுங்க. சினிமாவா எடுக்கிய?" என்று கேட்டார். "ஆமாண்ணே, ஒங்களத்தான் வில்லனாப் போட்டிருக்கு. செத்த நேரம் அப்படியே மொறச்சுக்கிட்டு நில்லுங்க" என்றார் மாமா. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது மாமா என் பக்கத்தில் இல்லை. ரோட்டோரத்தில், முள் அடைத்த இடத்தில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். நிலத்தைத்தானே எடுக்கிறோம், ஆள் எதற்கு என்று நான் கேட்டிருக்கலாம். அவரே அங்கிருந்து கத்தினார். "ஆள் நிக்காத நெலத்த போட்டோ எடுத்தா பொறம்போக்குன்னு சொல்லிருவானுக மாப்ள!"

அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மோட்டார் வாங்க பேங்கில் கடன் கேட்டபோது, மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். மாட்டுக் கடனுக்கு மாட்டோடு நின்றார். அதுவரை அவர் வாழ்க்கையில் எடுத்த படங்கள் கல்யாணப் படத்தை விட்டால் அவை இரண்டும்தான். எது தன்னுடையதோ அதன் பக்கத்தில் நிற்க வேண்டும், நின்றால்தான் அது தன்னுடையது என்று ஆபீஸில் ஒப்புக்கொள்வார்கள் என்பது அவருக்கு நிச்சயம்.

முதல் படம் எடுத்தேன். இரண்டாவது எடுத்தேன். ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. வெளிச்சம் மாறினால் ஒட்டும்போது ஒரு துண்டு கருப்பாகவும் ஒரு துண்டு வெளுப்பாகவும் தெரியும் என்பதால் காத்திருந்தேன். எனக்குப் பின்னால், கரைக்கு அந்தப் பக்கத்துச் சரிவில், யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேமராவில் விழுந்துவிடக் கூடாதென்று குனிந்து குனிந்து ஓடிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது மனிதர். வெயில் வந்ததும் மூன்றாவது படம் எடுத்தேன். நான்காவது கோட்டுக்குக் கேமராவைத் திருப்பிக் குனிந்து பார்த்தபோது, கிணற்று மேட்டில், மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், மாமா அதே விறைப்பில் நின்றுகொண்டிருந்தார். ஓடியதில் துண்டு மட்டும் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறியிருந்தது.

ஒட்டினால் ஒரே படத்தில் மாமா இரண்டு இடத்தில் நிற்பார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த நொடியிலேயே தெரிந்தது. "மாமா, விலகுங்க" என்று கத்த வேண்டும். பங்காளி பார்த்துக்கொண்டிருக்கிறார். ரோட்டில் இரண்டு மூன்று பேர் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்க்கிறார்கள். இத்தனை பேர் முன்னால் மாமாவை விலகச் சொல்வதற்கு எனக்குக் குரல் வரவில்லை. பட்டனை அமுக்கிவிட்டேன். ரோலில் இன்னும் எட்டுப் படம் மிச்சம் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து, மாமா ஓரிடத்தில் மட்டும் நிற்க, நிதானமாக இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது தடம் இல்லை. பங்காளி டிராக்டர் விட்டு உழுதிருந்தார். ரோட்டு முள்ளிலிருந்து கிணற்று மேடு வரை ஒரே செம்மண். சக்கரம் பதிந்த கோடு இருந்த இடம் எது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. மாமா மண்ணில் உட்கார்ந்து கட்டிகளை எடுத்து எடுத்து உடைத்துக்கொண்டிருந்தார். "போகட்டும் மாப்ள. நாமதான் மொதல்லயே எடுத்துட்டோம்ல" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கேமராவைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பி வந்தேன்.

நான்கு படத்தையும் பத்து அங்குலச் சதுரமாக பிரிண்ட் போட்டு, தரையில் வரிசையாக வைத்து ஒட்டிப் பார்த்தேன். இருபத்தைந்து அங்குல நீளம், பத்து அங்குல உயரம் வந்தது. மேல்பாதியில் வானம், கீழே பெரும்பாலும் அறுத்த நெல்தாள். நடுவில் தடம் ஒரு நூல் மாதிரிக் கிடந்தது. வானத்தையும் நெல்தாளையும் வெட்ட வெட்ட அந்த நூல் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. காகிதத்தை வைத்து மேலும் கீழும் மறைத்து மறைத்துப் பார்த்தேன். உயரம் ஐந்து அங்குலத்துக்கு வந்தபோது தடம் படத்தை ஆண்டது. இரண்டு சக்கரக் கோடும், நடுப்புல்லும், அவ்வளவு அழகாக இருந்தது. ஐந்துக்கு ஒன்று.

பாய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். "மூணுக்கு ஒண்ணுக்கு மேல போவாத தம்பி. பாக்கிறவன் கண்ணு ஓடிக்கிட்டே இருக்கும், ஒரு எடத்துல நிக்காது" என்றார். உயரத்தைக் கூட்டாமல் மூன்றுக்கு ஒன்று என்றால் ஒரு முனையை வெட்ட வேண்டும். ரோட்டு முனையை வெட்டினால் கிணற்றடியில் ஒரே ஒரு மாமா நிற்பார். ஆனால் தடம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. கிணற்று முனையை வெட்டினால் ரோட்டோரத்தில் ஒரே ஒரு மாமா. தடம் எங்கே போகிறது என்று தெரியாது. வக்கீல் கேட்டது இரண்டு முனையையும். இரண்டு முனையும் இருந்தால் இரண்டு மாமா. காகிதத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்த்திக்கொண்டே எவ்வளவோ நேரம் உட்கார்ந்திருந்தேன். எந்த அளவில் வெட்டினாலும் ஒரு தப்பு உள்ளே வந்தது, இல்லாவிட்டால் ஒரு நியாயம் வெளியே போனது.

பாய் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "இது ரெண்டும் ஒரே ஆளாடா?" என்றார். நான் தலையாட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு, "ஒருத்தர மை போட்டு அழிச்சிரலாம். யாரை அழிக்கன்னு ஒங்க மாமாகிட்டயே கேட்டுக்க" என்றார்.

கேட்டேன். மாமா படத்தை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். "அழிக்கவா? ஏலே, ரோட்டுல நிக்கிறவன அழிச்சா ரோடு போச்சு, கெணத்தடியில நிக்கிறவன அழிச்சா கெணறு போச்சு. ரெண்டும் நாந்தானே? பொய்யி ஒண்ணும் இல்லையே?" என்றார். பொய் ஒன்றும் இல்லை. அழித்தால்தான் பொய்.

வக்கீல் குமாஸ்தா, கேஸ் கட்டுக்குள் வைக்கிற நீளத் தாளுக்குள் அடங்க வேண்டும், மடிப்பும் ஒட்டும் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் ஒட்டிய படத்தை மறுபடியும் ஒரு படமாக எடுத்து, பதின்மூன்று அங்குல நீளத்தில் ஒரே தாளாகப் போட்டோம். உயரம் இரண்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு நன்றாக வந்திருந்தது. மாமா இரண்டு முனையிலும் அரிசி அளவில் நின்றார். வக்கீல் வாங்கிப் பார்த்து, "தெளிவா இருக்கே" என்று உள்ளே வைத்தார். இரண்டு ஆள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அதைச் சொல்வதற்காகவே அன்று மதியம் வரை அவருடைய ஆபீஸ் வாசலில் நின்றேன். கட்சிக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். "என்ன தம்பி, ஏதும் சொல்லணுமா?" என்று குமாஸ்தா கேட்டார். "ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

கோர்ட்டில் அந்த நாள் வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் சத்தம் போடுகிறவர் இல்லை. மெதுவாக ஒரு பூதக்கண்ணாடியைப் படத்தின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே மாமாவிடம் கேட்டார்.

"ரோட்டோரத்துல நிக்கிறது யாரு பெரியவரே?"

"நாந்தான் அய்யா."

"கிணத்துக்கிட்ட நிக்கிறது?"

"அதுவும் நாந்தான் அய்யா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "இதுல துண்டு இந்தத் தோள்ல இருக்கு, அதுல அந்தத் தோள்ல இருக்கு. ஒரே படத்துல நீங்க எப்படி ரெண்டு இடத்துல நிக்க முடியும்?"

"ஓடிப் போயி நின்னேன் அய்யா" என்றார் மாமா. இப்போது எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் கொஞ்சம் சிரித்தார். தன்னோடு சேர்ந்து சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நெகட்டிவைக் காட்டச் சொன்னார்கள். ஐந்து நெகட்டிவைக் கொடுத்தேன். ஒரு படத்துக்கு ஏன் ஐந்து நெகட்டிவ் என்று அந்த வக்கீல் கேட்டார். நான்கு எடுத்தது, ஒட்டியதை எடுத்தது ஒன்று என்றேன். ஒட்டியது எங்கே தெரிகிறது என்று கேட்டார். தெரியாது, தெரியாத மாதிரி ஒட்டினோம் என்றேன். "தெரியாத மாதிரி" என்று அவர் திருப்பிச் சொன்னார். மேலும் கீழும் வெட்டியது யார், யார் சொல்லி வெட்டினாய் என்று கேட்டார். நான்தான், யாரும் சொல்லவில்லை என்றேன். எதற்காக என்று கேட்டார். தடம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று. அது உண்மை. அந்த உண்மை என் வாயிலிருந்து வெளியே வந்ததும் வேறு ஒன்றாக ஆகிவிட்டது. படம் நான்கு துண்டாக இருந்தாலும் நிலம் ஒன்றுதான், மாமா ஓடியது நிஜம், மேகம் வந்தது நிஜம், ஒவ்வொரு துண்டிலும் அந்தத் தடம் பாதிப் பாதியாகத் திரும்ப வருகிறது பாருங்கள் என்று சொல்ல எனக்கு எல்லாம் இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீதிபதி ஐயா இரண்டு தடவை, "வேற ஏதும் சொல்லணுமா?" என்று பொறுமையாகவே கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

படத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. பாதை இருந்ததற்கு வேறு சாட்சியமும் இல்லை. அவ்வளவுதான். நீதிபதி இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு மாமா ஆறேழு வருஷம் அந்த நிலத்தைப் பார்த்தார். உரமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கண்மாய்க் கரையைச் சுற்றிப் போவார். அறுப்பு ஆட்கள், அவ்வளவு தூரம் சுமக்க முடியாது என்று வேறு வயலுக்குப் போய்விடுவார்கள். அத்தையும் அவரும் சுமந்தார்கள். நெல்லை விட்டுவிட்டுப் பருத்தி போட்டார். பருத்தி எடை குறைவு, அதுதான் காரணம். கடைசியில் நிலத்தை அந்தப் பங்காளிக்கே விற்றார். பாதை இல்லாத நிலத்தை வேறு யார் வாங்குவார்கள்? இதற்கிடையில் எந்தக் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தாலும் தோளில் கையைப் போட்டுப் பக்கத்தில் இருப்பவர்களிடம் அறிமுகப்படுத்துவார். "நம்ம மாப்ளதான் என்னய ரெண்டு ஆளா ஆக்குனவரு. ஒரு ஆளுக்கே சோறு பத்தலன்னு இவிய அத்தை வைதா!" எல்லோரும் சிரிப்பார்கள். அவர் ஒருநாள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஒருமுறை கண் ஆபரேஷனுக்காக ராஜபாளையம் வந்து எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கினார். கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மதிய நேரம், வீட்டில் வேறு யாரும் இல்லை. திடீரென்று, "அன்னைக்குக் கரைக்குப் பின்னால நான் ஓடுனேன்ல, நீ பாத்தியா மாப்ள?" என்று கேட்டார்.

"பாத்தேன் மாமா."

"எடுக்கும்போதே தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

அவருடைய கண் எங்கே பார்க்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. "சரி, விடு. நீ சொல்லியிருந்தாலும் நான் வெலகியிருக்க மாட்டேன்" என்றார். பிறகு தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அவர் சொன்னது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

இன்றைக்கு நான் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். போனில் நீளப் படம் எடுத்துக்கொண்டு வந்து பிரிண்ட் கேட்கிறவர்களிடம், எவ்வளவு உயரம் வேண்டும், எந்த முனை வேண்டும், யாராவது நகர்ந்தார்களா என்று மட்டும் வாய் விட்டுக் கேட்கிறேன். வேறு எதையும் என்னால் கேட்க முடிவதில்லை.

போன மாதம் ஒரு துக்க வீட்டுக்காக மகாராஜபுரம் போயிருந்தேன். திரும்பும்போது அந்தப் பக்கமாக நடந்தேன். இரண்டு நிலமும் ஒருவருடையது ஆனபிறகு நடுவில் எந்தத் தகராறும் இல்லை. முள் இல்லை. டிராக்டர் போய்ப் போய், முன்பு இருந்த அதே இடத்தில், அதே நேர்கோட்டில், தடம் மறுபடியும் விழுந்திருந்தது. இரண்டு சக்கரக் கோடு, நடுவில் புல். வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். ரோட்டிலிருந்து கிணறு வரை நடந்து போனேன். பிறகு கிணற்றிலிருந்து ரோடு வரை நடந்து வந்தேன். ஏன் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை.